சொர்ணபுஷ்பத்தின் தரிசு நிலம்

செல்போன்களுக்குப் பேசவும் கேட்கவும் மட்டுமே தெரிந்திருந்த காலத்தில், துபாயில் இருக்கும் மகன் முகத்தைப் பார்ப்பதானாலும் பரீட்சை ரிசல்ட் பார்ப்பதானாலும் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பிளைவுட் தட்டிக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும் என்றிருந்த காலத்தில், தேரிவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கும் இஸ்ரவேல் டெய்லர் கடைக்கும் நடுவில், சேர்மதுரை என்பவர் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தார். சேர்மதுரை வாலிபம் முழுவதையும் பம்பாயில் ஒரு உறவுக்காரரின் பலசரக்குக் கடையில் கழித்தவர். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவார். அப்படி வந்த ஒரு கொடையில்தான் சொர்ணபுஷ்பத்தைக் கல்யாணம் செய்துகொண்டார், பந்தல் பிரித்த வாரமே ரயிலேறியும் போனார். அதற்குப் பிறகு சொர்ணபுஷ்பம் மாமியாரோடு இருந்தாள், மாமியார் போன பின்பு அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் பாக்கியத்தின் கண் பார்வையில் இருந்தாள், காது ஓரத்தில் நரை வந்த பிறகு புருஷன் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார நேர்ந்த பஸ் பிரயாணிகளைப் போல மரியாதையாக நடந்துகொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. சண்டையும் இல்லை. சாப்பாடு வைக்கவா என்றால் வை என்பார், போதுமா என்றால் போதும் என்பார். மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்து எழும்பும் வரைக்கும் கடையில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

காசு கொடுத்து வாங்காத சாஃப்ட்வேரின் திருட்டுக் காப்பிகளைப் போட்டு வைத்திருக்கும் சென்டர்களைப் பிடிக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியபோது, அந்த ஆறு பழைய மிஷின்களையும் விற்றுக் கொடுத்த மைதீன் திருநெல்வேலியிலிருந்து வேறொரு சிஸ்டம் அடங்கிய சி.டி.யோடு வந்தார். முப்பது வயதுக்காரர், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

“அண்ணாச்சி, இது காசில்லாதது. அதுகூடப் பெரிசில்ல. இதை யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், மாத்தினதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுக்காதன்னு சொல்லத்தான் யாருக்கும் உரிமை கிடையாது.”

“அப்ப இது யாருக்குள்ளது தம்பி?” என்று கேட்டார் சேர்மதுரை.

“நமக்குள்ளது.”

மறுநாள் ஆறு மிஷின்களும் வேறு நிறத்தில் விழித்தன, வேறு சத்தத்தில் வணக்கம் சொல்லின. கார் ரேஸ் ஆட வந்தவர்களும் துப்பாக்கி சுட வந்தவர்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் போவதற்கு வேறு இடம் இல்லை. புது சிஸ்டத்தோடு வந்த விளையாட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். கலர் குமிழ்களைச் சுட்டு உடைக்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் எங்கள் ஊரை ஜெயிக்க ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்லுவோம். சீட்டு இருந்தது, கண்ணிவெடி இருந்தது, பாம்பு இருந்தது. உரக்கடைக்காரர் சரக்கு லாரி வரும்வரை பாம்பு வளர்ப்பார். இஸ்ரவேல் டெய்லர் கழுத்தில் டேப்போடு வந்து ஒரு கை சீட்டு ஆடிவிட்டுப் பட்டன்துளை போடப் போவார். இப்போது எல்லோர் சட்டைப் பையிலும் ஆயிரம் விளையாட்டு இருக்கிறது, ஆனாலும் அந்தத் தட்டிக்குப் பின்னால் ஒருவர் ஆட நான்கு பேர் முதுகில் கைவைத்து நின்ற வியர்வை வாசனையை நினைத்தால் எங்களுக்கு இன்னும் நெஞ்சு இளகுகிறது.

அந்த விளையாட்டுகளின் கடைசியில் ‘தரிசு’ இருந்தது. உண்மைப் பெயர் வேறு பாஷையில் என்னவோ, மைதீன்தான் அதைத் தரிசு என்று தமிழாக்கி வைத்தார். எந்த தேசத்திலோ யாரோ ஒருவர் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுப் போன விளையாட்டு அது. காவி நிறத்தில் தரை, மேலே வெளுத்த நீலத்தில் வானம், நடுவில் தொப்பி வைத்த ஒரு குட்டி மனிதன். அம்புக்குறியை அழுத்தினால் அவன் நடப்பான். எதிரி இல்லை, பாயிண்ட் இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை. அவன் நடக்க நடக்கத் தரை வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிடுவார்கள். சொர்ணபுஷ்பம் மட்டும், மத்தியானம் ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், கன்னத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் அவனை நடத்திக்கொண்டே இருப்பாள்.

ஆடி மாதம். தேரி மணல்மேட்டின் செம்மண் காற்றோடு எழும்பி வந்து கண்ணிலும் சோற்றிலும் விழுகிற மாதம். ஒரு நாள் சேர்மதுரை தூங்கி எழுந்து கடைக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்குக் கீழே அவள் செருப்பு இரண்டும் சேர்ந்து கிடந்தன, மேஜையில் பாதி குடித்த தண்ணீர்ச் செம்பு. வீட்டுக்குப் போயிருப்பாள் என்று உட்கார்ந்தவர், செருப்பில்லாமல் எப்படிப் போவாள் என்று எழுந்தார். அப்போது இஸ்ரவேல் டெய்லர் சீட்டாட உள்ளே வந்தார். மிஷினைப் பார்த்தார். குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

“சேர்மதுரை, இந்தப் பச்சைச் சேலைக்கு ஜாக்கெட் நான்தான் தைச்சேன். போன பொங்கலுக்கு” என்றார்.

தரிசில் தொப்பிக்காரனுக்குக் கொஞ்ச தூரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கிளிப்பச்சைச் சேலை. தலையில் கொண்டை. கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மிஷினையும் மைதீன் ஒரே வயரில் கோர்த்திருந்தபடியால் ஆறிலும் ஒரே தரிசுதான், ஆறிலும் அவள்தான். சேர்மதுரை ஒவ்வொரு மிஷினாகப் போய்ப் பார்த்தார். பிறகு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார்.

சாயங்காலத்துக்குள் ஊர் வந்துவிட்டது. பாக்கியம் அடுப்பை அணைக்காமல் வந்தாள். “மயினி, என்னத்துக்கு இப்படி நிக்கிய? வீட்டுக்கு வாங்க, விளக்கு வைக்கற நேரம்” என்று கண்ணாடியைத் தட்டினாள். பச்சைச் சேலை திரும்பிப் பார்த்தது. அவள் தலைக்கு மேல் வரிசையாக எழுத்துகள் தோன்றின, ஆனால் அவை எழுத்துகளாக இல்லை, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. அந்த மிஷின்களில் தமிழ் இன்னும் ஏறியிருக்கவில்லை. அவள் பேசினாள், கட்டம் கட்டமாகப் பேசினாள், ஊர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. தன்னைத்தான் மயினி ஏசுகிறாள் என்றாள் பாக்கியம். உரக்கடைக்காரர், கட்டங்கள் நான்கு நான்காகப் பிரிந்திருப்பதால் அது பாட்டாகத்தான் இருக்கும் என்றார். சேர்மதுரை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை.

மைதீன் தமிழ் எழுத்துகள் கொண்ட சி.டி.யோடு வந்து சேர அந்த வாரம் முடிந்துவிட்டது. அதுவரைக்கும் சொன்னதெல்லாம் கட்டங்களாகவே போய்விட்டது. ஆறு மிஷினிலும் தமிழ் ஏறியதும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சொர்ணபுஷ்பத்தின் தலைக்கு மேல் முதன்முதலாக நாங்கள் படித்தது இதுதான்:

“அந்த ஃபேனை நிறுத்துங்க. ஆளில்லாத நேரத்துலயும் ஓடிக்கிட்டே கெடக்கு.”

சேர்மதுரை நிறுத்தினார். பிறகு கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து தேடி, முதல் நாள் என்னென்ன சொன்னாய் என்று கேட்டார். “அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு” என்று பதில் வந்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வீட்டில் ஒன்று வைத்துவிட்டுக் கடைக்கும் வந்து, கீபோர்டுக்கு முன்னால் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து, பத்திரிகையைத் திரைக்கு நேராக விரித்துக் காட்டினார்கள். அவள் அங்கிருந்தே கைகூப்பினாள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தபோது, ரேஷன் கடைக்காரர் நேரில் வந்து பார்த்து, ஆள் ஊரில்தானே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். பசிக்குதா என்று கேட்டால் இல்லை என்றாள். வெயில் அடிக்குதா என்றால், வெளிச்சம் உண்டு, சூடு இல்லை என்றாள். கரண்டு போய்த் திரும்பி வந்த ஒரு சாயங்காலம், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று தட்டிக் கேட்கும்படி பாக்கியம் சேர்மதுரையிடம் சொன்னாள். “இருட்டிச்சு. நட்சத்திரம் எல்லாம் தெரிஞ்சுது” என்றாள் சொர்ணபுஷ்பம். அதற்குப் பிறகு கரண்டு போனால் நாங்கள் பதறுவதில்லை, அவளுக்கு நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்வோம்.

எப்போது வருவாய் என்று மட்டும் யார் கேட்டாலும் அவள் பதில் சொல்லவில்லை. சேர்மதுரை கேட்டபோது, “நீங்க பம்பாய்ல இருந்தப்ப நான் எத்தனை தடவ கேட்டேன்?” என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் விளையாடக் கற்றுக்கொண்டார். தொப்பிக்காரனை நடத்தி அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். அவள் நடந்தால் இவரும் நடப்பார். முதலில் அவன் அவளை இடித்துக்கொண்டு போனான், பிறகு அவளுக்கு முன்னால் வெகு தூரம் போய் நின்றான். “மெதுவா” என்று ஒரு வார்த்தை தோன்றும். அந்த மொட்டைத் தரையில் அவள் நிற்பது மனசைப் பிசைந்தது. மைதீனிடம் கேட்டு, தரிசின் உள்ளே இருக்கும் எழுத்துகளைத் திறந்து, எந்த வரி தரை, எந்த வரி வானம் என்று தெரிந்துகொண்டு, நாலைந்து நாள் போராடி அவர் அதில் ஒரு பனை வைத்தார். பனை தலைகீழாக முளைத்தது. வேர் மேலே, ஓலை கீழே. அதைப் பார்த்த சொர்ணபுஷ்பத்தின் கட்டைவிரல் உயர உடம்பு குலுங்கியது. அழுகிறாளோ என்று சேர்மதுரை பயந்து, அழிக்கிறேன் அழிக்கிறேன் என்று தட்டினார். “இருக்கட்டும். சிரிக்கேன்” என்றாள்.

அந்தப் பனையோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வைக்க முடியும் என்று தெரிந்ததும் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. இஸ்ரவேல் டெய்லர் ஒரு தையல் கடை வைத்தார், அவளுக்கு ஜாக்கெட் வேண்டியிருக்குமே என்று. உரக்கடைக்காரர் ஒரு வேப்பமரமும் அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும் வைத்தார். பஞ்சாயத்துத் தலைவராக இருந்து ஓய்ந்திருந்த பால்பாண்டி, அந்த பெஞ்சைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டையே வைத்துக் கொடுத்தார். மைதீன் பஸ்ஸையும் ஓட விட்டார். அது ஸ்டாண்டைச் சுற்றி வந்து நின்று மறுபடி சுற்றும். வைத்தவர்கள் தங்கள் பெயரையும் போடச் சொன்னார்கள். கோயில் டியூப்லைட்டில் பாதியை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று எழுதுகிற ஊர் எங்களுடையது. பெஞ்சில் உபயம், குழாயில் உபயம், குழாயடியில் நின்ற குடத்திலும் உபயம். பாக்கியம் கடைசியாக வந்தாள். “எங்க அண்ணன் பொண்டாட்டி வீடில்லாம அலையுதான்னு நாளைக்கு நாலு பேர் சொல்லக் கூடாது” என்றாள். குடும்ப வீட்டை அப்படியே வைக்கச் சொன்னாள், பக்கத்தில் தன் வீட்டையும், இரண்டுக்கும் நடுவில் தன் சமையலறை ஜன்னலையும். அத்தனையும் அன்புதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

தீபாவளி நெருங்கும்போது தரிசில் தரிசு என்று சொல்ல ஓரத்தைத் தவிர இடம் இல்லை. சொர்ணபுஷ்பம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். பத்திரிகை காட்டினாலும் திரும்புவதில்லை. நாங்கள் வைத்த தெருக்களையெல்லாம் தாண்டி, காவித் தரை மிச்சமிருந்த ஓரத்தில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். கடைக்கு ஆள் வராத ஒரு காலையில் சேர்மதுரை தொப்பிக்காரனை ஊர் முழுக்க நடத்தி, குழாயையும் பெஞ்சையும் ஜன்னலையும் கடந்து, அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“கோவமா?”

“கோவம் இல்ல.”

“ஊரே உனக்குன்னு செஞ்சிருக்கு.”

“ஆமா. நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊரு மாதிரியே இருக்கு.”

அவள் தலைக்கு மேல் மறுபடியும் எழுத்து வந்தது.

“பம்பாய்ல சாயங்காலம் கடை அடைச்சா எங்க போவீய?”

“கடல் பக்கம் போவேன். சும்மா உக்காந்திருப்பேன்.”

“எங்க போறன்னு யாரும் கேப்பாவளா?”

“யாரும் கேக்க மாட்டாவ.”

“எனக்கு அப்படி ஒரு எடம் இருந்ததில்ல பாத்துக்கிடுங்க. தண்ணி எடுக்கப் போனாலும் எங்க போற, கோயிலுக்குப் போனாலும் இவ்வளவு நேரமா. நான் குறையா சொல்லல. இங்க வந்தப்ப ஒண்ணுமே இல்லாம இருந்துது. எனக்கு அதுதான் வேண்டியிருந்துது.”

இஸ்ரவேல் டெய்லர் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது சேர்மதுரையின் முகம் நனைந்திருந்ததாம். பிறகு ஒரே ஒரு வரி தட்டினார். “எல்லாத்தையும் எடுத்திடுதேன்.”

அது லேசாக முடியவில்லை. அன்று சாயங்காலம் கடையில் ஊர் கூடியது. “உபயம் பண்ணின பொருளைப் பிடுங்கிப் போடுறதுன்னா அது என்ன மரியாதை?” என்று பால்பாண்டி எழுந்து நின்று கேட்டார். பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “என் ஜன்னல் அவளை என்ன செஞ்சுது? நான் அவளைப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன், இத்தனை வருசமும்?” சேர்மதுரை தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, “நீதான் பாத்துக்கிட்ட. நான் பாக்கல. அதனாலதான் இப்பம் நான் செய்யணும்னு சொல்லுதேன்” என்றார். அண்ணன் தன்னிடம் இவ்வளவு மெல்லப் பேசிக் கேட்டிராத பாக்கியம் அழுகையை நிறுத்தினாள்.

மைதீன் எழுந்தார். அவர் சொன்ன வழி எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. “இதுல யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லையே அண்ணாச்சி. ஒரு காப்பி எடுப்போம். ஊரு வச்சதெல்லாம் ஊரு காப்பியில அப்படியே இருக்கட்டும், உபயமும் இருக்கட்டும். இன்னொண்ணு முதல்ல வந்த மாதிரி வெறுமனே இருக்கட்டும். ரெண்டும் நம்மளுதுதான்.”

“அப்ப அவ எதுல இருப்பா?” என்று பாக்கியம் கேட்டாள்.

“அதை அவங்கதான் முடிவு பண்ணணும்.”

மறுநாள் காலையில் ஐந்து மிஷின்களில் ஊர் இருந்தது, ஓரத்து ஆறாவது மிஷினில் வெறும் தரிசு இருந்தது. ஐந்துக்கு முன்னால் நாங்கள் நின்றோம், ஆறாவதின் முன்னால் சேர்மதுரை தனியாக உட்கார்ந்தார். சொர்ணபுஷ்பம் ஊரில்தான் இருந்தாள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள், அதைச் செய்தவருக்கு ஒரு சந்தோஷம். தையல் கடை வாசலில் நின்றாள். குடும்ப வீட்டுக்குள் போய் வந்தாள். பாக்கியத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பாக்கியம் திரைக்கு இந்தப் பக்கம் கண்ணை எடுக்காமல் நின்றாள். மத்தியானமாயிற்று. சேர்மதுரையின் மிஷினில் தொப்பிக்காரன் மட்டும் தனியாக நின்றான். அவர் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை, அங்கே இருக்கிறாளா என்று கேட்கவும் இல்லை. பிறகு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறினாள். சுற்றிவருவதைத் தவிர வேறெங்கும் போகத் தெரியாத பஸ் அது. சுற்றி வந்து நின்றது. அதில் அவள் இல்லை.

நாங்கள் ஆறாவது மிஷின் பக்கம் திரும்பினோம். வானமும் தரையும் சேரும் கோட்டில் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்து மிஷின்களின் முன்னாலும் நின்ற நாங்கள், யாரும் சொல்லாமலே, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். ஊருக்கு அன்றைக்கு மனசு வலித்தது உண்மை. ஆனால் வெளியே வந்து டீ குடித்தபோது, பாக்கியம்தான் முதலில் வாய் திறந்தாள். “பஸ்ஸுலல்லா போயிருக்கா. நம்ம வச்ச பஸ்ஸுல” என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர்கள் இருவரும் அந்த வெறும் நிலத்தில் நடந்தார்கள். ஆறாவது மிஷினின் பக்கம் நாங்கள் போவதில்லை. என்ன பேசினார்கள் என்பது அதனால் எங்களுக்குத் தெரியாது. சேர்மதுரை மட்டும் சில நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டே சில்லறை கொடுப்பார், பம்பாயில் பதினெட்டு வயதில் வழி தெரியாமல் அழுத கதையைத் திடீரென்று இஸ்ரவேலிடம் சொல்லுவார், சொல்லிவிட்டு, “இதை நேத்துதான் அவகிட்ட சொன்னேன்” என்பார்.

அப்புறம் சிக்குன்குனியா வந்தது. விரலை மடக்க விடாத, காலைத் தரையில் ஊன்ற விடாத அந்தக் காய்ச்சல் வீடு வீடாக ஏறி இறங்கியது. பால்பாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தையல் மிஷின் சத்தம் நின்றது. பஸ் டிரைவருக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் பஸ்ஸும் நின்றது. சேர்மதுரை கடையை அடைத்துவிட்டு வந்து பாயில் விழுந்தார். மிஷின்களை நிறுத்தக்கூட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. ஆறாவது மிஷினில் தொப்பிக்காரன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் தலைக்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. பக்கத்தில் நின்றவள் என்னென்ன கேட்டாளோ, அடைத்த ஷட்டருக்குள் அதைப் படிக்க ஆள் இல்லை.

ஒரு பகலில், பஸ் ஸ்டாண்டில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சென்டரின் ஷட்டரை யாரோ உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஒருவருக்கும் வேகமாக எழுந்திருக்க முடியவில்லை. நொண்டி நொண்டிப் போய், வீங்கிய விரல்களால் நான்கு பேர் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினோம். கிளிப்பச்சைச் சேலையில் சொர்ணபுஷ்பம் நின்றாள். முகம் கொஞ்சம் நிறம் வெளுத்திருந்தது. நாற்காலிக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

“அவிய எங்க?” என்று கேட்டாள்.

“வீட்டுல. காய்ச்சல்” என்றோம்.

“சொல்லி அனுப்பக் கூடாதா?” என்றபடி எங்களைத் தாண்டி நடந்தாள்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவள் வைத்த கஞ்சி வந்தது. பாக்கியத்துக்கு அவளே கொண்டுபோய் ஊட்டினாள். சேர்மதுரை கண் விழித்து, “நீ எப்பம் வந்த?” என்று கேட்டாராம். “இப்பத்தான்” என்றாளாம். எங்கே போயிருந்தாய் என்று அவரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. எங்கே போகிறாய் என்று ஒரு பெண்ணைக் கேட்காமல் இருக்க எங்கள் ஊர் அந்த வருஷத்தில்தான் கற்றுக்கொண்டது. முழுக்கக் கற்றுக்கொண்டோம் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். இதைச் சொல்வதற்கு இவ்வளவு பெரிய கதை தேவையில்லைதான். கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குமிழ் உடைப்பார்கள். அவள்தான் ஜெயிப்பாள். அவ்வப்போது அவள் தரிசுக்குப் போவதும் உண்டு, தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி. கைவேலையை முடித்து, சோற்றை மூடி வைத்து, “போயிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போவாள், இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவாள். ஊர் காப்பியை மைதீன் இன்டர்நெட்டில் போட்டுவைத்தார். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் அதை இறக்கி விளையாடிவிட்டு, பெஞ்சிலும் குடத்திலும் எழுதியிருக்கும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதினார்கள். பால்பாண்டி அந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்து, ஒரு மழைக்காலத்தில் நிம்மதியாகச் செத்துப்போனார்.

காலம் போயிற்று. செல்போன்களுக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. சென்டருக்கு ஆள் வருவது குறைந்து, ஆறு மிஷின்களில் ஐந்து பழுதாகி, கடையே ஜெராக்ஸ் கடையாகி, கடைசியில் அதுவும் இல்லாமல் வெறும் அறையாயிற்று. ஆறாவது மிஷினை மட்டும் மைதீன் அவ்வப்போது வந்து உயிரோடு வைத்திருந்தார். சொர்ணபுஷ்பத்துக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. திருநெல்வேலிக்குப் போனார்கள், மதுரைக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள். அவள் போனபோது சேர்மதுரை பக்கத்தில்தான் இருந்தார். தேரியில் அவளை அடக்கம் பண்ணினோம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சாப்பாட்டு இலை எடுத்த பிறகு, எங்களில் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோர் மனசிலும் ஒன்றுதான் இருந்தது. வயசாகிக் கோல் ஊன்றிக்கொண்டிருந்த பாக்கியம்தான் அதைக் கேட்டாள். “அண்ணே, ஒரு தடவ அந்த மிஷினைத் திறந்து பாக்கக் கூடாதா?”

சேர்மதுரை மறுக்கவில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஷட்டரைத் தூக்கினோம். மிஷின் விழிக்க நேரமெடுத்தது. காவித் தரையும் வெளுத்த வானமும் வந்தன, தொப்பிக்காரன் நின்றான். அவர் அவனை நடத்தினார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கோட்டுக்குக் கோடு பச்சையைத் தேடினோம். பனை இல்லை, கிணறு இல்லை, தரை வந்துகொண்டே இருந்தது. இஸ்ரவேல் கால் வலித்துச் சுவரில் சாய்ந்தார். வெளியே பஸ்கள் வந்து போயின. சேர்மதுரை நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை, பக்கத்தில் யாரோ வருவதுபோல மெதுவாகவே நடத்தினார். கடைசியில் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

“இல்ல” என்றார். “அவ இங்க இருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். நீங்க பாக்கணும்னுதான் திறந்தேன்.”

“எப்படித் தெரியும்?” என்று பாக்கியம் கேட்டாள்.

“இங்க வரும்போதெல்லாம் போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுத்தான் வருவா. அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போறேன்னு மட்டும்தான் சொன்னா.”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, திரையை அணைக்காமல், ஒதுங்கி நின்றார்.

“யாராவது விளையாடணும்னா உக்காருங்க” என்றார்.

பாக்கியம் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மெல்ல வந்து உட்கார்ந்தாள். எதை அழுத்தணும் என்று கேட்டாள். அவர் அவள் விரலைப் பிடித்து அம்புக்குறியின் மேல் வைத்தார். அவள் நடக்க ஆரம்பித்தாள்.